கேக் குறிப்பில் கப் அளவை நிறுத்திவிட்டு, இனி கிராம் மட்டும் போடலாமா?

தராசுத்தட்டு (வேளச்சேரி)

நம் சமையல் குழுவின் குறிப்புத் தொகுப்பில் இருக்கும் வெண்ணெய் கேக்கைப் போன வாரம் இரண்டு பேர் செய்து படம் போட்டிருந்தார்கள். இரண்டு கப் மைதா, ஒரு கப் பொடித்த சர்க்கரை, அரை கப் வெண்ணெய், மூன்று முட்டை, கொஞ்சம் பால். இருவரும் எழுதியபடியே செய்தவர்கள். ஒருவருடையது மெத்தென்று வந்தது. இன்னொருவருடையது உச்சியில் வெடித்து, வெட்டும்போது புட்டாக உதிர்ந்தது. உடனே ஆளாளுக்கு அவருடைய ஓவனைக் குறை சொன்னார்கள், பேக்கிங் பவுடர் பழசா என்று கேட்டார்கள். எந்தக் கப், எப்படி அளந்தீர்கள் என்று யாருமே கேட்கவில்லை.

மைதா டப்பாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளினால் ஏறக்குறைய 150 கிராம் வரும். அதே மாவைக் கிளறிவிட்டு, கரண்டியால் மெல்லப் போட்டு, மேலே கத்தியால் வழித்தால் 120 கிராம்தான். இரண்டு கப் என்றால் வித்தியாசம் 60 கிராம், அதாவது கால் பங்கு மாவு கூடுதல்.

சர்க்கரை இதைவிட மோசம். ஒரு கப் சர்க்கரையை அளந்து எடுத்து மிக்ஸியில் பொடித்தால் 200 கிராம். முதலில் பொடித்துவிட்டு, அந்தப் பொடியில் ஒரு கப் எடுத்தால் சுமார் 120 கிராம். 'ஒரு கப் பொடித்த சர்க்கரை' என்று எழுதினால் இரண்டையும் செய்யலாம், இரண்டுமே சரி. மாவு கூடி சர்க்கரை குறைந்தால் கேக் உதிராமல் என்ன செய்யும்? அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு குறிப்பில் இருக்கிறது.

அதனால் என் யோசனை: கேக், பிஸ்கட், ரொட்டிக் குறிப்புகள் இனி கிராமில் மட்டும் வரட்டும். கப்பில் எழுதியதைத் தொகுப்பில் சேர்க்க வேண்டாம்.

கைப்பக்குவம் (மயிலாப்பூர்)

தம்பி, நீங்கள் சொன்ன கணக்கு புரிகிறது. ஆனால் 'சேர்க்க வேண்டாம்' என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

இட்லிக்கு உளுந்து எப்படிப் போடுகிறோம்? நாலுக்கு ஒன்று என்று ஒரே டம்ளரில் அளக்கிறோம். ஒரே கடையில் வாங்கிய உளுந்து ஒரு மாதம் நுரைத்துப் பொங்கும், அடுத்த மாதம் பாதிதான் காணும். அப்போது யாரும் தராசைத் தேடுவதில்லை. கிரைண்டருக்குள் கையை விட்டுப் பார்த்து, தண்ணீரைக் கூட்டிக் குறைத்து, அரிசியை மாற்றிச் சமாளிக்கிறோம். குறிப்பு என்பது வழி காட்டுவதற்கு. பக்குவம் கையில் வர வேண்டும். கிராம் எழுதிவிட்டால் அந்தக் கை வந்துவிடுமா?

இன்னொன்று, ஒரே கப்பை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டால் விகிதம் மாறாது. கப் பெரிதா சிறிதா என்ற கேள்வியே எழாது.

முக்கியமாக, நம் தொகுப்பில் நல்ல குறிப்புகளைக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். ரவை கேக்கும் தேங்காய் பிஸ்கட்டும் அவர்கள் கொடுத்தவைதான். அவர்களுக்கு டீ கப்தான் அளவு. 'கிராம் இல்லாமல் போடாதே' என்று சொன்னால், சரி நமக்கு எதற்கு என்று ஒதுங்கிவிடுவார்கள். அந்தக் குறிப்புகள் அவர்களோடு போய்விடும்.

ராத்திரி ரொட்டி (அண்ணா நகர்)

அக்கா, இட்லி மாவை வழியில் திருத்த முடியும். கெட்டியாக இருந்தால் தண்ணீர் விடலாம். ஒரு ஈடு வேகவைத்துப் பார்த்து, அடுத்த ஈட்டுக்கு மாவைச் சரிசெய்யலாம். கேக் டின் உள்ளே போய்விட்டால் அதன் பிறகு நம் கையில் ஒன்றும் இல்லை. அதனால்தான் கேக்குக்கு அளவை முன்கூட்டியே கட்ட வேண்டியிருக்கிறது.

ஒரே கப் வைத்தால் விகிதம் மாறாது என்பது முட்டை வரும்வரைதான். ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மி.லி. கடையில் விற்கும் அளவுக் கப் 240 அல்லது 250. சின்னக் கப்பில் மைதாவும் சர்க்கரையும் அளந்துவிட்டு அதே மூன்று முட்டையை உடைத்து ஊற்றினால், மாவோடு ஒப்பிடும்போது முட்டை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். முட்டைக்குக் கப் தெரியாதே.

அந்த முட்டையிலும் ஒரு சங்கதி இருக்கிறது. அமெரிக்கக் குறிப்புகளில் 'பெரிய முட்டை' என்றால் ஓடு நீங்கலாக 50 கிராம். நமக்கு நாமக்கல்லிலிருந்து வருவது பெரும்பாலும் ஓட்டோடு சேர்த்தே 50 கிராம் அளவில் இருக்கும், உள்ளே 44 தேறும். நான்கு முட்டை கேக்கில் இதுவே அரை முட்டை குறைவு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

ரொட்டிக்கு நான் சதவீதம்தான் போடுவேன். மைதா 100 என்றால் தண்ணீர் 65, உப்பு 2, டிரை ஈஸ்ட் 1. அரை கிலோ மாவுக்கு 325 தண்ணீர், 10 உப்பு, 5 ஈஸ்ட். இதைத் தலையில் வைத்துக்கொண்டால் குறிப்பே வேண்டாம். மே மாதம் இந்த ஊர் வெயிலில் ஈஸ்ட்டைக் குறைத்து, தண்ணீரை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் ஆவதற்குள் மாவு பொங்கிப் புளித்துவிடும். எதை எவ்வளவு மாற்றினேன் என்று எனக்குத் தெரிவது எண் இருப்பதால்தான். கைப்பக்குவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அந்தக் கைக்குக் கணக்கு துணை நிற்கிறது என்கிறேன்.

குக்கர் கேக் (தாம்பரம்)

கைப்பக்குவம் அக்கா பக்கம்தான் நான். காரணம் மட்டும் வேறு.

எங்கள் பகுதியில் புதிதாகக் கேக் செய்ய வரும் பெண்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கிறேன். பலர் வீட்டில் ஓவன் இல்லை. அடிகனமான அலுமினியச் சட்டியில் உப்பைப் பரப்பி, அதன் மேல் ஸ்டாண்டு வைத்து, மூடிபோட்டுச் செய்கிறோம். (பெயர் குக்கர் கேக் என்றாலும், தண்ணீர் இல்லாமல் குக்கரை அடுப்பில் காயவிடுவதை நான் விட்டுவிட்டேன். அடி நெளிந்துவிடும், குக்கர் கம்பெனிகளும் கூடாது என்றே சொல்கின்றன.) இப்படித் தொடங்குகிறவர் குறிப்பைத் திறந்ததும் '113 கிராம் வெண்ணெய்' என்று பார்த்தால், இது நமக்கானது இல்லை என்று மூடிவிடுவார். தராசு நானூறு ஐநூறு ரூபாய்தானே என்பீர்கள். அதே காசுக்கு இரண்டு கேக் டின் வாங்கலாம். முதல் கேக் நன்றாக வந்து வீட்டில் பாராட்டினால்தான் அடுத்த செலவுக்கே மனசு வரும்.

தராசாலும் எல்லாம் அளக்க முடியாது. வீட்டுத் தராசுகள் பெரும்பாலும் ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. அரை டீஸ்பூன் ஆப்பசோடா என்பது இரண்டரை கிராம் பக்கம். சிறுகச் சிறுகப் போட்டால் எண் அசையாமலே நிற்கும், சட்டென்று ஒரு கிராம் தாவும். சோடா ஒரு கிராம் கூடினால் வாயில் கசக்கும், கேக் எழும்பி நடுவில் அமுங்கும். இங்கே ஸ்பூன்தான் நம்பகமானது. 'கிராம் மட்டும்' என்பது அந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

ஓவன் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். டயலில் 180 வைத்தால் உள்ளே 180 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓவனுக்குள் வைக்கும் சின்ன தெர்மாமீட்டர் கிடைக்கிறது. உச்சியில் வெடித்த கேக்குக்குச் சூடும் காரணமாக இருந்திருக்கலாம்.

பெரம்பூர் பிளம்கேக்

கப் அளவு பாட்டி வழி, கிராம் இந்தக் காலத்துப் பிள்ளைகள் வழி என்கிற மாதிரி பேச்சு போகிறது. எங்கள் பக்கம் அப்படி இல்லை.

பெரம்பூரில் பழைய வீடுகளில் கிறிஸ்துமஸ் கேக் எப்போதும் எடைதான். குறிப்பு பவுண்டில் இருக்கும்: ஒரு பவுண்டு மாவு, ஒரு பவுண்டு சர்க்கரை, ஒரு பவுண்டு வெண்ணெய். 454 கிராம் என்று பிறகுதான் மாற்றி எழுதிக்கொண்டார்கள். வீட்டில் கலவையைத் தயார் செய்து, டின்னில் ஊற்றி, பக்கத்து பேக்கரி விறகு அடுப்பில் கொடுத்து வேகவைத்து வாங்கி வருவார்கள். யார் வீட்டு டின் எது என்று தெரிய அடையாளம் போட்டிருக்கும்.

படிக்கல் இல்லாவிட்டாலும் எடை போடலாம். இரண்டு தட்டு உள்ள பழைய தராசில், ஒரு தட்டில் நான்கு முட்டையை ஓட்டோடு வைப்பார்கள். மறு தட்டில் முட்டைக்குச் சமமாக முள் நேராக நிற்கும்வரை மாவு. மாவை எடுத்துவிட்டு அதே போலச் சர்க்கரை, பிறகு வெண்ணெய். ஒரு எண்ணையும் படிக்க வேண்டாம். முட்டை சிறிதானால் மாவும் தானாகக் குறைந்துவிடும். ராத்திரி ரொட்டி சொன்ன நாமக்கல் முட்டைப் பிரச்சினைக்கு அன்றைக்கே இதில் பதில் இருந்தது.

தமிழ்ச் சமையலிலும் எல்லாம் படிக் கணக்கு இல்லை. அரிசி, பருப்பு அளக்க ஆழாக்கு, உழக்கு, படி. புளி, வெல்லம் வாங்கப் பலம், வீசை என்ற எடைகள். அளந்தால் ஏமாற்றும் பொருள் எது, ஏமாற்றாத பொருள் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அரிசியை எப்படி அள்ளினாலும் பெரிய வித்தியாசம் வராது. மைதா அப்படியா? கப்பை ஒரு தட்டுத் தட்டினால் விரல் அளவு கீழே இறங்குகிறதே.

கைப்பக்குவம் (மயிலாப்பூர்)

முட்டையை வைத்து எடை போடுவது அருமையான வழி. பொடித்த சர்க்கரை விஷயத்திலும் தம்பி சொல்வது நியாயம். 'பொடித்த பின் அளக்கவும்' அல்லது 'அளந்த பின் பொடிக்கவும்' என்று குறிப்பில் கட்டாயம் எழுத வேண்டும்.

ஆனால் கிராம் எழுதிவிட்டால் எல்லா வீட்டிலும் ஒரே கேக் வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மைதாவைத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுவென்று ஈரம் ஏறியிருக்கும். ஆட்டா போட்டுச் செய்பவர்களுக்கு மில்லுக்கு மில் மாறும், ஒன்று பாலைக் குடித்துக்கொண்டே இருக்கும். அப்போது கரண்டியிலிருந்து கலவை எப்படி விழுகிறது என்று பார்த்துத்தான் பால் விட வேண்டும். நாடாவாக மடிந்து விழுந்தால் போதும், கட்டியாகத் தொப்பென்று விழுந்தால் இன்னும் ஒரு கரண்டி. இந்த வரிகள் இல்லாத குறிப்பு, கிராமில் இருந்தாலும் எனக்குப் பாதிக் குறிப்புதான்.

தராசுத்தட்டு (வேளச்சேரி)

அந்த வரிகள் வேண்டும் என்பதை முழுமனதாக ஏற்றுக்கொள்கிறேன் அக்கா. கலவை எப்படி விழ வேண்டும், மேல்புறம் என்ன நிறம் வர வேண்டும் என்பதைச் சேர்த்தே எழுதுவோம்.

மழைக்கால ஈரத்தால் மாவின் எடையில் மாறுவது ஒன்றிரண்டு சதவீதம். கப் அள்ளும் விதத்தில் மாறுவது இருபத்தைந்து சதவீதம். சின்னதைக் கைப்பக்குவத்தால் சரிசெய்யலாம். ஆனால் புதிதாக வருகிறவரால் இருபத்தைந்தை எப்படிச் சரிசெய்ய முடியும்? கலவை இறுகியிருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அவருக்குப் பழக்கம் வேண்டுமே. குறிப்பை நம்பி வெண்ணெயும் முட்டையும் செலவழித்து உட்கார்ந்திருக்கிறவர் அவர். நான் பேசுவது அவருக்காக.

சோடா, உப்பு, ஏலக்காய், எசென்ஸ் ஸ்பூனிலேயே இருக்கட்டும், குக்கர் கேக் சொன்னது சரி. கல் உப்பு என்றால் மட்டும் பொடித்து அளக்கச் சொல்ல வேண்டும். மைதா, சர்க்கரை, கோகோ, வெண்ணெய் இந்த நான்கும் கிராமில் வேண்டும் என்பதை நான் விடமாட்டேன். வெண்ணெய்க்குத் தராசுகூடத் தேவையில்லை. 100 கிராம் கட்டி, 500 கிராம் கட்டி என்றுதான் விற்கிறார்கள், கத்தியால் பங்கு போட்டால் போதும்.

குக்கர் கேக் (தாம்பரம்)

நான்குக்கும் கிராம் போடுங்கள், பக்கத்திலேயே கப்பும் போடுங்கள். 'மட்டும்' என்பதைத்தான் எடுக்கச் சொல்கிறேன். '240 கிராம் மைதா (2 கப், கரண்டியால் போட்டு வழித்தது)' என்று இருந்தால் என் மாணவிகளும் செய்வார்கள், நீங்களும் செய்யலாம்.

தங்கள் கப் எவ்வளவு பிடிக்கும் என்று தெரியாதவர்களுக்கு ஒரு வழி. அரை லிட்டர் ஆவின் பாக்கெட்டை வெட்டி அந்த டம்ளரில் ஊற்றுங்கள். சரியாக இரண்டு டம்ளர் வந்தால் 250. இரண்டு நிறைந்து ஒரு வாய்ப் பால் மிஞ்சினால் 240 பக்கம். முக்கால் டம்ளர் மிஞ்சினால் உங்களிடம் இருப்பது 180. இதை எல்லாக் குறிப்புக்கும் மேலே எழுதி வைக்கலாம்.

ராத்திரி ரொட்டி (அண்ணா நகர்)

ஆவின் வழி நன்றாக இருக்கிறது. கேக், பிஸ்கட்டுக்கு இரண்டும் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ரொட்டிக்குக் கப் போடுவதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தண்ணீர் ஐந்து சதவீதம் ஏறினாலே மாவு கையில் ஒட்டி, புதியவர்கள் மேலும் மேலும் மைதாவைக் கொட்டிப் பிசைந்து கல்லாக்கிவிடுகிறார்கள். ரொட்டிப் பகுதி கிராமிலேயே இருக்கட்டும்.

கைப்பக்குவம் (மயிலாப்பூர்)

ரொட்டியில் எனக்குப் பழக்கமில்லை, அதில் உங்கள் பேச்சுக்கே விட்டுவிடுகிறேன். கிராம் தெரியாதவர் குறிப்பு போட்டால் திருப்பி அனுப்பக்கூடாது என்பதில் நான் மாறவில்லை. அவர் கப்பிலேயே போடட்டும். தராசு வைத்திருப்பவர்கள் செய்து பார்த்து எடையைக் கீழே சேர்க்கட்டும். என் ரவை கேக்கை இன்று இரவு போடுகிறேன். ரவை, சர்க்கரை, தயிர், எண்ணெய் எல்லாம் ஒரே கப், முட்டை கிடையாது. பெரம்பூர்க்காரர் வீட்டில் தராசு தயாராக இருக்கிறது போலிருக்கிறது, அவரே முதலில் அளந்து எழுதட்டும்.

பெரம்பூர் பிளம்கேக்

எழுதுகிறேன். தயிர் கெட்டியா, மோர் பதமா என்று மட்டும் குறிப்பில் சொல்லிவிடுங்கள்.