பாட்டியின் பிளாட்டினம் மோதிரம் மஞ்சளாகுது, அவசரம்!!

களியல்_ஜோ
வணக்கம். பாட்டியின் பிளாட்டினம் கல்யாண மோதிரம், வைரம் பதித்தது. மஞ்சளாகிறது. எப்படிச் சரிசெய்வது? கோயிலில் கல்யாண அறிவிப்பின் ரெண்டாம் ஓலையும் வாசித்தாச்சு, சீக்கிரம் சொல்லுங்கள்.

பாறசாலை_பாபு
எங்கே மஞ்சள், மேலேயா அடியிலேயா? உள்பக்கம் என்ன முத்திரை? எத்தனை கிராம்? போட்டோ எங்கே மக்கா?

கடல்காற்று
குளோரின்தான். குழாய்த் தண்ணீரில் கலக்கிறார்களே, அது. என் மனைவியின் வளையலும் இப்படித்தான் நிறம் மாறியது.

பாறசாலை_பாபு
அந்த வளையல் பிளாட்டினமா?

கடல்காற்று
கவரிங். ஆனாலும் தண்ணீர் ஒன்றுதானே.

நவமணி
இதே கேள்விக்கு நான் பத்து தடவை பதில் எழுதியாயிற்று. தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. பிளாட்டினம் கீறல் விழுந்து மங்கும், மஞ்சளாகாது. மஞ்சளாவது வெள்ளைத் தங்கம். மேலே பூசிய ரோடியம் என்ற வெள்ளை உலோகம் தேய்ந்தால் உள்ளே இருப்பது எட்டிப் பார்க்கும். உங்கள் பாட்டி ஏமாந்திருக்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

களியல்_ஜோ
பாட்டி ஏமாறவில்லை சார். பாட்டா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் வாங்கியது, எண்பது வருஷமாவது இருக்கும். அடிப்பக்கம் மட்டும்தான் மஞ்சள், கல் இருக்கும் பக்கம் வெள்ளையாகவே இருக்கிறது. 3.4 கிராம். அப்புறம், அளவை 11-இலிருந்து 14 ஆக்க வேண்டும். கல்யாணப் பெண்ணுக்கு விரலில் ஏறவில்லை.

பாறசாலை_பாபு
அதை முதலிலேயே சொல்ல வேண்டாமா! முத்திரை?

பட்டறை_மணி
தம்பி, அளவு கூட்டுவதென்றால் தெரு முனைப் பட்டறையில் கொடுத்துவிடாதே. தங்கம் 1064 டிகிரியில் உருகும், பிளாட்டினத்துக்கு 1768 வேண்டும். நாங்கள் ஊதும் கேஸ் நெருப்புக்கு அது அசையாது. கரிக்கட்டை மேல் வைத்துச் சூடேற்றினால் கரி ஏறி நொறுங்கும். நாங்கள் தங்கத்தைப் பற்றவைக்கும் பொடியை வைத்து ஊதினால் ஒட்டும், ஆனால் ஒட்டின இடம் மஞ்சள் கோடாகத் தெரியும்.

வடசேரிக்காரி
நாகர்கோவிலில் செய்ய ஆளில்லையா என்ன? வடசேரி கோயில் நகைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது.

பாறசாலை_பாபு
அது கெம்புக் கல் வைத்த நகை அக்கா. பிளாட்டினம் வேறு. திருச்சூருக்குப் போகச் சொல்லுங்கள், அங்கே எல்லாம் இருக்கிறது.

வடசேரிக்காரி
எல்லை தாண்டினால்தான் கை வேலை தெரியுமா? திருச்சூரில் பாதி மெஷின் வேலை. எங்கள் அப்பா ஒரு நெத்திச்சுட்டிக்கு நாலு நாள் உட்காருவார்.

பாறசாலை_பாபு
நாலு நாள் உட்கார்ந்தால் மட்டும் பிளாட்டினம் உருகுமா?

பட்டறை_மணி
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். பையன் முத்திரையைச் சொல்லட்டும்.

*(மறுநாள்)*

களியல்_ஜோ
மன்னிக்கவும், பந்தல் வேலையில் இருந்தேன். கடையில் காரட் மெஷினில் வைத்தார்கள். ஒரு தடவை பிளாட்டினம் என்றது, இன்னொரு தடவை தங்கம் 74 சதவீதம் என்றது. மெஷின் கெட்டுப்போச்சு என்று கடைக்காரரே சொன்னார். நடுக்கல்லின் அடி உடைந்திருக்கிறதாம், உள்ளே சின்ன வட்டமாகத் தெரிகிறது. இலவசமாகவே புதுக்கல் மாற்றித் தருகிறாராம். நல்ல மனுஷன்.

பட்டறை_மணி
தம்பி, மாற்றாதே! மாற்றாதே! அது உடைப்பு இல்லை. பழைய காலத்து வெட்டில் கல்லின் அடிக்கூரை மழுக்கிச் சின்னப் பட்டையாக விடுவார்கள். மேலிருந்து பார்த்தால் நடுவே ஓட்டை மாதிரி வட்டமாகத் தெரியும். கையால் பட்டை தீட்டிய பழைய வைரத்துக்கு அது ஓர் அடையாளம். அதை எடுத்துக்கொண்டு ஆய்வகத்தில் வளர்த்த கல்லை வைத்தால் உனக்கு எப்படித் தெரியும்? இலவசமாம்! மெஷினும் கெடவில்லை. வைத்த இடம்தான் வேறு, மேலே ஒன்று, அடியில் ஒன்று. கண்ணாடி வைத்து உள்பக்கம் பார்.

களியல்_ஜோ
ஆங்கிலத்தில் 18 சிடி, அப்புறம் பிளாட் என்று தேய்ந்து இருக்கிறது. வேறு எதுவும் இல்லை. போலியா?

பட்டறை_மணி
அசல்தான். அந்தக் காலத்து ஆங்கிலேய மோதிரங்களில் இது சகஜம். வளையம் 18 காரட் தங்கம், கல் பிடிக்கும் தலை மட்டும் பிளாட்டினம். வெள்ளை உலோகத்தில் வைரம் எடுப்பாகத் தெரியும் என்பதற்காக. பிரிட்டனில் பிளாட்டினத்துக்குச் சட்டப்படி ஹால்மார்க் வந்ததே 1975-இல்தான். அதனால் வெறும் பிளாட் என்று குத்தியிருப்பதில் தப்பில்லை. பிற்பாடு யாரோ மோதிரம் முழுக்க ரோடியம் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். உள்ளங்கைப் பக்கம்தானே உரசும், அது தேய்ந்து தங்கம் தெரிகிறது.

உனக்கு நல்லதாகப் போயிற்று. அடியில் தங்கத்தை வெட்டி, 18 காரட் துண்டு சேர்த்து, அதே நிறப் பொடி வைத்து ஊதினால் போதும், பிளாட்டினத்தைத் தொடவே வேண்டாம். கல்லுக்குப் போரிக் ஆசிட் பூசச் சொல், நேர் நெருப்பு பட்டால் வைரம் மேலே வெளுத்துப் போகும். சூட்டோடு தண்ணீரில் போடக் கூடாது. கொடுப்பதற்கு முன் கல்லைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து வைத்துக்கொள். வேலை முடியும் வரை அங்கேயே உட்கார்.

நவமணி
நான் சொன்னதும் இதுதான். உள்ளே இருப்பது எட்டிப் பார்க்கிறது என்றேன்.

பாறசாலை_பாபு
பாட்டி ஏமாந்தார் என்றீர்களே சார்?

வடசேரிக்காரி
ஆக, தங்க வேலை. வடசேரியிலேயே முடியும்.

*(ஒன்பது நாள் கழித்து)*

களியல்_ஜோ
அளவு கூட்டியாச்சு, பழைய கல்தான். ரோடியம் போடவில்லை, தங்கம் தங்கமாகவே இருக்கட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். கல்யாணமும் முடிந்தது. நன்றி மணி அண்ணே.

பாறசாலை_பாபு
சந்தோஷம். எங்கே செய்தாய், கூலி எவ்வளவு?

வடசேரிக்காரி
ஆமாம், எங்கே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போ.

பாறசாலை_பாபு
ஜோ?