பேக்கேமன் புத்தகங்களை எப்படிப் படித்தால் ஆட்டத்தில் கைகொடுக்கும்?

புதுக்காய்:

வணக்கம். பகடை உருட்டிக் காய் நகர்த்தும் இந்தப் பலகை ஆட்டத்தின் விதிமுறைகள், தொடக்க நகர்த்தல்கள், பிப் (காய்கள் வெளியேற இன்னும் கடக்க வேண்டிய மொத்தத் தூரம்) எண்ணுவது எல்லாம் தெரியும். அடுத்த கட்டத்துக்கு இரண்டு புத்தகங்கள் கையில் இருக்கின்றன. ஒன்று 1970-களில் வந்த பாடநூல் வகை. இன்னொன்று முழுக்க நிலைகளும் விடைகளுமாக உள்ள பயிற்சி நூல். படிக்கும்போது ஒவ்வொரு விளக்கமும் தெளிவாகத்தான் இருக்கிறது. பலகை முன்னால் உட்கார்ந்தால், எந்த அத்தியாயம் இந்த நிலைக்குப் பொருந்தும் என்பதே பிடிபடுவதில்லை.

மூன்று சந்தேகங்கள். எதை முதலில் படிப்பது? பழைய நூலை எவ்வளவு தூரம் நம்பலாம்? சாஃப்ட்வேரே சரியான நகர்த்தலைக் காட்டிவிடும் காலத்தில் புத்தகத்துக்கு என்ன வேலை?

நடுப்பாயின்ட்:

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். சாஃப்ட்வேர் ஒரு நிலையைப் பார்த்து, இந்த நகர்த்தல் முதலிடம், அடுத்தது சராசரியாக 0.06 புள்ளி குறைவு என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. அதே நிலையில் ஒரு காயை மட்டும் இடம் மாற்றி வைத்தால் விடை மாறுமா என்பதை அந்த எண்ணை வைத்து ஊகிக்க முடியாது. காரணத்தைப் புத்தகம்தான் தரும். அதனால் படிக்கும்போது காரணத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நகர்த்தலை மனப்பாடம் செய்து பயனில்லை, அதே நிலை மறுபடி வரவே வராது.

படிக்கும் முறை இது. நிஜப் பலகையில் நிலையை அடுக்குங்கள். அடுக்கியதும் இரண்டு பக்கமும் 15 காய்கள் வருகின்றனவா என்று பாருங்கள், பாரில் (வெட்டுப்பட்ட காய்களை வைக்கும் நடுப்பட்டை) இருப்பவையும் வெளியேறியவையும் சேர்த்து. படத்தின் கீழே பிப் எண்ணிக்கை அச்சாகியிருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். பிறகு விடையை ஒரு தாளால் மறைத்துவிட்டு, நோட்டில் குறைந்தது இரண்டு நகர்த்தல்களையும், அவற்றில் உங்கள் தேர்வையும், ஒரே வரியில் காரணத்தையும் எழுதுங்கள். அதன் பிறகுதான் விடை. நகர்த்தல் சரியாக இருந்து காரணம் வேறாக இருந்தால் அதைத் தவறு என்றே குறியுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: விடை பொருந்திவிட்டது என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

இன்னொரு சிக்கல் படத்தின் திசை. சில நூல்களில் காய்களை வெளியேற்றும் பக்கம் வலதில் இருக்கும், சிலவற்றில் இடதில். எண்ணும் ஆடுபவரைப் பொறுத்தது, உங்களுக்கு 24-ஆம் பாயின்ட் (காய் நிற்கும் முக்கோணக் கட்டம்) எதிராளிக்கு 1-ஆம் பாயின்ட். ஒரே திசையில் மட்டும் படித்தால் ஆட்டத்தில் பலகை திரும்பியிருக்கும்போது தெரிந்த நிலையே கண்ணில் படாது. பாதி நிலைகளைத் திருப்பி அடுக்கிப் படியுங்கள்.

எந்த அத்தியாயம் பொருந்தும் என்ற கேள்விக்குத் தனியாக ஒரு பதில் உண்டு. பால் மேக்ரியல் 1976-இல் வெளியிட்ட பாடநூலில் பாதுகாப்பான ஆட்டமா, துணிச்சலான ஆட்டமா என்று முடிவுசெய்யச் சில அளவுகோல்கள் வருகின்றன. ஆட்டத்தின்போது பயன்படுவது அதுதான். எதிராளியின் வீட்டில், அதாவது அவர் காய்களை வெளியேற்றும் கால்பகுதியில், எத்தனை பாயின்ட் மூடியிருக்கிறது? நிறைய என்றால் வெட்டுப்படக்கூடிய ஒற்றைக் காயை விடாதீர்கள். உங்களுக்கு அவர் வீட்டில் ஆங்கர் (இரண்டு காய்களால் பிடித்த பாயின்ட்) இருக்கிறதா? இருந்தால் துணியலாம், வெட்டுப்பட்டாலும் உள்ளே நுழைய இடம் இருக்கிறது. உங்கள் காய்கள் அவர் பக்கம் எத்தனை மாட்டியிருக்கின்றன? அதிகம் என்றால் துணிச்சலுக்கு இன்னும் இடம் உண்டு. இந்த மூன்றையும் ஒவ்வொரு கடினமான பகடைக்கும் வாய்விட்டுக் கேட்டுப் பழகினால், அத்தியாயத்தைத் தேட வேண்டியிருக்காது.

துணிவதற்கு முன் வெட்டுப்படும் வாய்ப்பு தெரிந்திருக்க வேண்டும். இதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். நடுவில் தடை இல்லாதபோது, இரண்டு பகடைகள் விழும் 36 விதங்களில் வெட்டுபவை: 1 தூரத்துக்கு 11, 2-க்கு 12, 3-க்கு 14, 4-க்கும் 5-க்கும் 15, 6-க்கு 17. 7-க்கு வந்ததும் 6 ஆக இறங்கிவிடும். 8-க்கும் 6, 9-க்கு 5, 10-க்கு 3, 11-க்கு 2, 12-க்கு 3. ஒற்றைக் காயை 6 தூரத்தில் விடாமல் ஒரே ஒரு பிப் தள்ளி 7 தூரத்தில் விட்டால் வெட்டும் பகடைகளில் பதினொன்று குறையும். அது முடியாவிட்டால் நெருங்கி நிற்பதே மேல். இந்த எண்கள் நாக்கு நுனியில் இல்லாமல் உத்திப் புத்தகம் படித்தால், ஆசிரியர் "இந்த ஆபத்து ஏற்கத்தக்கது" என்று எழுதும் வரியை நம்ப மட்டும்தான் முடியும், சரிபார்க்க முடியாது.

பழையபலகை:

பழைய நூல் பற்றிச் சொல்றேன். தூக்கிப் போட வேண்டாம்ங்க. எதை எடுக்கணும், எதை விடணும்னு தெரிஞ்சா போதும்.

நிலைச்சு நிற்பவை: ப்ரைம் (அடுத்தடுத்த பாயின்ட்டுகளை மூடி எதிராளியை மறிக்கிற சுவர்) கட்டுவது, பின்னாடி இருக்கிற காய்களை நேரத்தோட நகர்த்துவது, காய்களை வெளியேற்றும்போது இடைவெளி விடாம இறங்குவது. இவற்றுக்கான விளக்கங்கள் இன்னைக்கும் சரிதான். 3-1 விழுந்தா 8/5 6/5 (அதாவது 8-லிருந்தும் 6-லிருந்தும் ஒவ்வொரு காய் 5-ஆம் பாயின்ட்டுக்கு), 4-2 விழுந்தா 8/4 6/4, 6-1 விழுந்தா 13/7 8/7. இவை அன்னைக்கும் சரி, இன்னைக்கும் சரி.

மாறினது, முதல் நகர்த்தலிலேயே 5-ஆம் பாயின்ட்டில் ஒற்றைக் காயை வைக்கிற பழக்கம். 2-1, 4-1, 5-1 விழுந்தா 6/5 வைப்பதைப் பழைய நூல்கள் இயல்பான நகர்த்தலாச் சொல்லும். எதிராளிக்கு அதை வெட்ட 15 பகடைகள் இருக்கு, ஆனா வெட்டலைன்னா நல்ல பாயின்ட் கிடைக்கும் என்பது அவங்க வாதம். 1990-களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் ஜெரால்ட் டெசாரோ உருவாக்கின டிடி-கேமன், தன்னோடயே ஆடிக் கத்துக்கிட்ட நரம்பியல் வலைப்பின்னல், 24/23 நகர்த்தி பின்காய்களைப் பிரிப்பதை விரும்பிச்சு. பெரிய ஆட்டக்காரர்களே பழக்கத்தை மாத்திக்கிட்டாங்க. 2-1-க்கு இரண்டும் கிட்டத்தட்ட சமம். 5-1-க்கு 13/8 24/23 தெளிவா மேல். உங்க நூலில் 5-1-க்கு 6/5 போட்டிருந்தா ஓரத்தில் பென்சிலில் குறிச்சிடுங்க.

அதைவிட முக்கியம்: பழைய நூல்கள் பின்னாடி இரண்டு பாயின்ட் பிடிச்சுக் காத்திருக்கிற ஆட்டத்துக்கு, அதாவது பேக் கேமுக்கு, கொடுக்கிற கௌரவம் கொஞ்சம் அதிகம். கேமன் தோல்வி (ஒரு காயைக்கூட வெளியேற்றாம தோற்று இரட்டை நஷ்டம் படுறது) எவ்வளவு வருதுன்னு அப்போ எண்ணிப் பார்க்க வழி இல்லை. வேற வழியில்லாம அந்த நிலைக்கு வந்தா எப்படி ஆடணும்னு அந்த அத்தியாயத்தில் படியுங்க. ஆனா அதைத் திட்டமா வெச்சு விரும்பிப் போகாதீங்க.

சந்தேகப்பட்ட நிலையை ஜிஎன்யூ பேக்கேமனில் போட்டுப் பாருங்க, இலவசம்தான். போடும்போது யாருடைய முறை, க்யூப் (ஆட்டத்தின் மதிப்பை இரட்டிப்பாக்கும் கட்டை) யார் கையில் என்பதை இரண்டு தடவை பாருங்க. காய்களைச் சரியா வெச்சு க்யூப்பை நடுவில் விட்டுட்டு, புத்தகம் தப்புன்னு முடிவுகட்டுறது அடிக்கடி நடக்குது. புத்தகத்துக்கும் சாஃப்ட்வேருக்கும் 0.02-க்குள்ள வித்தியாசம்னா விட்டுடுங்க. 0.08 தாண்டினா உட்கார்ந்து காரணம் தேடணும். அப்பவும் ஒரே பார்வை மதிப்பீட்டை நம்பாம ரோல்அவுட் (அதே நிலையிலிருந்து சாஃப்ட்வேர் பல தடவை ஆடிப் பார்ப்பது) ஓட்டுங்க. வழக்கமான 1296 ஆட்டம் என்பது 36 தடவை 36, முதல் இரண்டு பகடைகளும் சமமா வந்துடும்.

புதுக்காய்:

இருவருக்கும் நன்றி. பயிற்சி நூலில் பாதிக்கு மேல் க்யூப் நிலைகள். டபுள் செய்யலாமா (ஆட்டத்தின் மதிப்பை இரட்டிப்பாக்கலாமா), எதிராளிக்கு டேக்கா (ஏற்பதா) பாஸா (ஆட்டத்தை விட்டுக்கொடுப்பதா) என்று விடை மட்டும் இருக்கிறது, கணக்கு இல்லை. அதை எப்படி அணுகுவது?

க்யூப்64:

கணக்கை ஒரு முறை கையால் போட்டுவிடுங்கள், பிறகு விடைகள் தானாகப் பேசும். பாஸ் சொன்னால் 1 புள்ளி நஷ்டம், அது நிச்சயம். டேக் சொன்னால் ஆட்டத்தின் மதிப்பு 2. நூற்றுக்கு 25 ஆட்டம் ஜெயித்து 75 தோற்றால் 50-இலிருந்து 150 கழிய, நூறு ஆட்டத்துக்கு 100 நஷ்டம். பாஸும் அதேதான். 25 சதவீதம் என்ற எல்லை இங்கிருந்து வருகிறது. டேக் எடுத்த பிறகு க்யூப் உங்கள் கையில் இருக்கும், திருப்பி டபுள் செய்யும் உரிமை உங்களுக்கு மட்டும். அதனால் நடைமுறையில் எல்லை இன்னும் கொஞ்சம் இறங்கும்.

இதோடு நிறுத்தினால் கேமன் உள்ள நிலைகளில் பணம் போகும். 28 வெற்றி, 72 தோல்வி என்று வையுங்கள். 25-ஐத் தாண்டிவிட்டதே, டேக் என்று தோன்றும். அந்த 72-இல் 20 கேமன் என்றால்? வரவு 56. சாதாரணத் தோல்வி 52, அதற்கு 104. கேமன் ஒவ்வொன்றுக்கும் 4 வீதம் 80. மொத்தம் 128 நஷ்டம், பாஸ் சொல்லியிருந்தால் 100. பயிற்சி நூலில் நல்ல வாய்ப்பு இருப்பதுபோல் தெரிந்தும் விடை பாஸ் என்று வருமிடங்களில் பெரும்பாலும் காரணம் இதுவே. ஆகவே நோட்டில் வெற்றி சதவீதத்தை மட்டும் ஊகித்து எழுதாதீர்கள், கேமன் சதவீதத்தையும் எழுதிச் சாஃப்ட்வேரோடு ஒப்பிடுங்கள். இரண்டில் எதைத் தப்பாக ஊகிக்கிறீர்கள் என்று சில பக்கங்களிலேயே தெரிந்துவிடும்.

வெறும் ஓட்டப்பந்தய நிலைகளுக்கு ஊகமே தேவையில்லை. வால்டர் ட்ரைஸ் கொடுத்த விதி எளிது. முன்னால் இருப்பவரின் பிப் 62-க்கு மேல் என்றால் அதைப் பத்தால் வகுத்து 1 கூட்டுங்கள். 62 அல்லது கீழே என்றால் 5 கழித்து 7-ஆல் வகுங்கள். மீதியை விட்டுவிடலாம். பின்தங்கியவர் அந்த அளவு வரை பின்னால் இருந்தால் டேக். முன்னால் இருப்பவர் அந்த எல்லைக்கு 3 பிப் இருக்கும்போதே முதல் டபுள் செய்யலாம், மறு டபுளுக்கு 2 பிப் வரை காத்திருக்க வேண்டும். 100-க்கு எதிராக 109 என்று வைத்துக்கொண்டால் எல்லை 111, ஆகவே டபுள், மறு டபுள், டேக் மூன்றும் சரி. 56 பிப் என்றால் கூடுதல் 7, எல்லை 63. காய்கள் 1, 2-ஆம் பாயின்ட்டுகளில் குவிந்து வீணாகும் நிலைகளுக்கு இந்த விதியை அப்படியே போடக்கூடாது, அங்கே வெறும் பிப் எண்ணிக்கை ஏமாற்றும்.

நிலைக்கு மேலே ஸ்கோர் அச்சாகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒவ்வொரு ஆட்டமும் தனிக் கணக்காகும் பண ஆட்டத்துக்கான விடை, குறித்த புள்ளியை முதலில் எட்டுபவர் ஜெயிக்கும் மேட்ச்சுக்குப் பொருந்தாது. இருவருக்கும் இன்னும் 2 புள்ளிதான் தேவை என்றால், டேக் எடுத்த ஆட்டமே மேட்ச்சை முடித்துவிடும். பாஸ் சொன்னாலும் மேட்ச் ஜெயிக்கும் வாய்ப்பு 30 சதவீதத்துக்குச் சற்று மேல் மிச்சமிருக்கிறது. ஆகவே அங்கே டேக் எல்லை 25 அல்ல.

பழையபலகை:

க்யூப்64 சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். பயிற்சி நூலை அச்சான வரிசையில் படிக்காதீங்க. அத்தியாயத் தலைப்பே விடையைக் காட்டிக்கொடுக்கும். "ப்ரைம்" என்ற தலைப்பின் கீழே இருந்தா யாரானாலும் ப்ரைம்தான் கட்டுவாங்க. பக்க எண்களைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி எடுங்க.

நடுப்பாயின்ட்:

முதல் சுற்றில் வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரே கருத்தில் பத்து நிலைகள் அடுத்தடுத்து வந்தால்தான் எது விடையை மாற்றுகிறது என்று தெரியும். குலுக்கல் இரண்டாம் சுற்றுக்கு. தவறாகக் குறித்தவற்றை மட்டும் சில வாரம் கழித்துக் குலுக்கி எடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. வியப்பூட்டும் விடை உள்ள நிலைகளைத்தான் பெரும்பாலும் நூலில் சேர்ப்பார்கள். நிறையப் படித்தவர் கையில் விசித்திரமான நகர்த்தல் வரத் தொடங்குவது இதனால்தான். ஐந்து புத்தக நிலைக்கு ஐந்து சொந்த ஆட்ட நிலை என்று கலந்து, சாஃப்ட்வேர் தவறு என்று காட்டாத சாதாரண நிலைகளையும் சேர்த்து அடுக்குங்கள்.

புதுக்காய்க்கு வரிசை: முதலில் வெட்டு எண்களும் பாதுகாப்பு–துணிச்சல் அத்தியாயமும், அடுத்து பயிற்சி நூலின் காய் நகர்த்தல் நிலைகள், அப்புறம் ஓட்டப்பந்தய க்யூப், அதன்பின் கேமன் உள்ள க்யூப். மேட்ச் ஸ்கோர் பக்கங்களை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.