கொரோனா ஊரடங்கு தளர்வு கணக்கு போடற டூல், திருப்பூருக்கு எப்படி வெச்சா சரியா வரும்?

நொய்யல்கரை:
வணக்கமுங்க. காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு டூல் பண்றோம். பனியன் கம்பெனி, சந்தை, ஸ்கூல், ஜிம்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்லைடர், எத்தன சதவீதம் தொறக்கறோம்னு நகத்துனா ஒரு பக்கம் நோய் எவ்வளவு பரவும், இன்னொரு பக்கம் பொழப்பு எவ்வளவு திரும்பும்னு கிராஃப் மாறும். 2020ல அமெரிக்காவோட எம்ஐடி யுனிவர்சிட்டி ஆளுக அந்த நாட்டுல 26 வகை எடத்த செல்போன் நடமாட்ட டேட்டா வெச்சு இப்படி அளந்தாங்க, பரவற ஆபத்துக்கு ஏத்த பயன் இருக்கான்னு பாத்ததுல பேங்க்குக்கு நல்ல மார்க், ஜிம், காஃபி கடைக்கெல்லாம் கம்மி. அதுல பனியன் கம்பெனி எங்க நிக்கும்னு தெரியல. 2020ல எங்கப்பா ஆறு வாரம் வேலையில்லாம வீட்டுல உக்காந்திருந்தாரு, அடுத்த வருசம் மே மாசம் பெரியம்மா போய்ட்டாங்க, அதனால ரெண்டு பக்கமும் எனக்கு வெறும் நம்பர் இல்லீங்க.

ஜாப்ஒர்க்_அனுப்பர்பாளையம்:
தம்பி, பனியன் கம்பெனின்னு ஒரே ஸ்லைடர் வெச்சராதீங்க. நிட்டிங், டையிங் (சாயம் போடறது), காம்பேக்டிங் (துணி சுருங்காம அமுக்கறது), கட்டிங், பவர் டேபிள் (தையல்), செக்கிங், அயர்ன்னு துணி பல எடம் சுத்தித்தான் டப்பாக்குள்ள வருது, டையிங்க மட்டும் மூடிட்டு மத்ததெல்லாம் பாதி தொறந்தாலும் கையில இருக்கற துணி தீர்ற வரைக்குந்தான் எங்களுக்கு வேல. பீஸ் ரேட்டு ஆளுக்கு, அதாவது தெச்ச பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கறவருக்கு, சனிக்கெழம பாதி காசுதான் வரும், ஆனா வீட்டு வாடகை முழுசா குடுக்கோணும். இதையும் கணக்குல சேருங்க.

கோபி வாத்தியார்:
நோய் பக்கமும் நேர்கோடா போகாது கண்ணு. ஒரே ஹால்ல 100 பேர் இருந்தா ரெண்டு ரெண்டு பேரா 4950 ஜோடி, 50 பேர்னா 1225 தான். ஆள் பாதியானா சந்திப்பு கால்வாசி. அதே 100 பேர ரெண்டு ஷிஃப்ட்டா பிரிச்சா எல்லாருக்கும் வேல இருக்கும், ஜோடி 2450. இந்த ஷிஃப்ட் ஸ்லைடர் உங்க டூல்ல கட்டாயம் இருக்கோணும், மூடறதுக்கும் தொறக்கறதுக்கும் நடுவுல இருக்கற வழியே அதுதான்.

பெருந்துறை நர்ஸ்:
சார் சொன்ன கணக்கு ஹாலுக்கு சரிங்க, ஆனா பகல் ஷிஃப்ட் ஆளும் நைட் ஷிஃப்ட் ஆளும் ஒரே ரூம்ல மாத்தி மாத்தி படுத்தா பிரிச்சதே வீணாப் போயிரும். 2021ல நான் வார்டுல பாத்தப்ப கம்பெனி பேர விட ரூம் விலாசம்தான் ஒண்ணா இருந்துச்சு, ஒரே லைன் வீட்டுல இருந்து அடுத்தடுத்து வந்தாங்க. அந்த மே கடைசியில தினசரி கேஸ்ல கோவை சென்னையவே தாண்டுச்சு, ஜூன்ல தளர்வு குடுத்தப்பவும் கோவை, திருப்பூர், ஈரோடுன்னு 11 மாவட்டத்துக்கு மட்டும் கம்மியாத்தான் குடுத்தாங்க. இன்னொண்ணு, இன்னைக்கு தொறந்தது ஆஸ்பத்திரி பெட்டுல தெரியறதுக்கு ரெண்டு வாரம் ஆயிரும். உங்க கிராஃப் உடனே மாறுனா பாக்கறவங்க நல்லாத்தான் இருக்குன்னு இன்னும் தொறந்துருவாங்க, அந்த ரெண்டு வாரத்த தள்ளியே காட்டுங்க தம்பி.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றிங்க. ஹால், ரூம், அதோட வேலைக்கு ஆள் ஏத்திட்டு வர்ற வேன், மூணையும் தனித்தனியா வெக்கறோம், ரெண்டு வார தாமதமும் போட்டர்றோம். ஜாப்ஒர்க் அண்ணா, உங்க வேன்ல எத்தன பேர் வருவாங்க?

ஜாப்ஒர்க்_அனுப்பர்பாளையம்:
சீட்டு 20 தம்பி. காலைல வர்றது 34 பேரு. 20னு போட்டராதீங்க.