புதுப்பிப்பு: யு32 வடிகட்டியில் பாக்கெட் சிக்காததன் காரணம்

பேரணாம்பட்டில் நான் பார்த்துக்கொள்ளும் தோல் நிறுவன அலுவலகத்தில், கணக்குப் பிரிவுக் கணினி மாலையில் பேக்கப் அனுப்பத் தொடங்கியதும் வீடியோ அழைப்பு திக்குகிறது என்றும், அந்தப் பேக்கப்பைத் தனி வரிசைக்கு ஒதுக்க லினக்ஸ் ரவுட்டரில் எழுதிய யு32 வடிகட்டியில் (முகவரி போன்ற விவரங்களைப் பார்த்துப் பாக்கெட் எனும் தரவுத் துண்டுகளைப் பிரிக்கும் விதி) ஒரு பாக்கெட்கூடச் சிக்கவில்லை என்றும் முன்பு எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது, பிழை என்னுடையதே.

பாக்கெட், வெளிச்செல்லும் இடைமுகத்தின் வரிசையை அடையும் முன்பே போஸ்ட்ரவுட்டிங் எனும் கடைசிக் கட்டத்தில் மாஸ்கரேட் (உள்வலை முகவரியை ரவுட்டரின் வெளி முகவரியாக மாற்றுவது) முடிந்துவிடுவதால், கணக்குப் பிரிவுக் கணினியின் 192.168.1.40 என்ற மூல முகவரியை நான் தேடிய இடத்தில் எல்லாப் பாக்கெட்டுகளும் ரவுட்டரின் வெளி முகவரியையே சுமந்து நின்றன. எனவே லினக்ஸின் பாக்கெட் விதிகளுக்கான என்எஃப்டேபிள்ஸில், ரவுட்டர் வழியே கடந்து செல்லும் பாக்கெட்டுகளுக்கான ஃபார்வர்டு சங்கிலியிலேயே, அதாவது முகவரி மாறுவதற்கு முன், அக்கணினியின் பாக்கெட்டுகளுக்கு 20 என்ற குறியை இட்டு, டிசியின் (லினக்ஸின் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கருவி) எஃப்டபிள்யூ வடிகட்டி அக்குறியைக் கண்டு பேக்கப்புக்கான 1:20 வகுப்புக்கு அனுப்புமாறு மாற்றினேன். (இட்ட குறியைப் பட்டியலில் பதினறும எண்ணாக (16+4 என்ற பொருளில்) 14 என்று காட்டியதைப் பார்த்து, விதியே தவறிவிட்டதென்று அரைமணி நேரம் குழம்பியது தனிக் கதை.)

இன்னொரு ஓட்டையும் இருந்தது. வகுப்புவாரியாக வேகத்தைப் பங்கிடும் எச்டிபி வரிசை முறைக்கு இயல்பு வகுப்பை நான் குறிப்பிடாததால், எந்த வகுப்பிலும் சேராத பாக்கெட்டுகள் வேகக் கட்டுப்பாடே இல்லாமல் வெளியேறிக்கொண்டிருந்தன. புள்ளிவிவரத்தில் ‘டைரக்ட் பாக்கெட்ஸ்’ (வகுப்பின்றி நேரே சென்றவை) எண் ஏறிக்கொண்டே போனதுதான் அதைக் காட்டிக்கொடுத்தது. இப்போது அவை இயல்பு வகுப்பான 1:30க்குப் போகின்றன.

நேற்று மாலை பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு தடங்கலின்றி நடந்தது. பதிவிறக்கத்துக்கான வரிசையை உள்வலை இடைமுகத்தில் இனிமேல்தான் அமைக்க வேண்டும்.