தமிழ்ப் பக்கத்தில் மட்டும் காணாமல் போன மெனு

முதல் பதிவு (வெள்ளவத்தை)

பம்பலப்பிட்டியில் ஒரு சின்னக் கந்தோரில் வேலை பழகிய காலம். மும்மொழித் தளம் ஒன்று செய்தோம். சிங்களமும் ஆங்கிலமும் சரி. தமிழ்ப் பக்கத்தில் மட்டும் வலப்பக்க மெனு இல்லை, அதுவும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 என்ற பழைய உலாவியில் மட்டும்.

உள்ளடக்கப் பெட்டி 100% அகலம், இடது ஃப்ளோட் (பெட்டியை இடப்பக்கம் ஒதுக்கும் CSS கட்டளை). மெனு 150 பிக்சல், அதுவும் இடது ஃப்ளோட், இடது மார்ஜின் (பெட்டிக்கு வெளியே விடும் இடைவெளி) மைனஸ் 150. கூட்டிப் பார்த்தால் மெனு பிடிக்கும் இடம் பூச்சியம். அதனால்தான் நிரம்பிய வரியிலும் வலது ஓரத்தில் ஏறி உட்காருகிறது.

"தொழில்வாய்ப்புக்கள்" என்ற சொல் லதா எழுத்துருவில், தடித்த எழுத்தில், 150ஐத் தாண்டிவிட்டது. மற்ற உலாவிகளில் சொல் மட்டும் வெளியே நீளும். எக்ஸ்ப்ளோரர் 6 பெட்டியையே அகட்டிவிடும். பூச்சியம் கெட்டதும் மெனு கீழே இறங்கியது. அங்கேயும் மைனஸ் 150 இழுக்க, திரையின் இடது ஓரத்துக்கு வெளியே போய்விட்டது. உள்ளடக்கத்தின் அடியில் சில எழுத்துகளின் வால் மட்டும் தெரிந்தது. இடப்பக்கம் ஸ்க்ரோல் பண்ணவும் வழியில்லை. இரண்டு நாள் போனது.

சொல்லைச் சுருக்கச் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. தமிழில் வாசிக்கிறவருக்கும் முழுச் சொல் கிடைக்க வேண்டும். தமிழுக்கு மட்டும் அகலத்தை 190 ஆக்கி, மார்ஜினையும் மைனஸ் 190 ஆக்கினேன். உள்ளடக்கத்தின் உட்பெட்டிக்கு இருந்த வலது மார்ஜினையும் மறக்காமல் மாற்றினேன், இல்லாவிட்டால் எழுத்து மெனுவுக்கு அடியில் போய்விடும்.

பதில் (கொட்டாஞ்சேனை)

அண்ணா, எனக்கு மெனு கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் எந்த இணைப்பைச் சொடுக்கினாலும் அசைவில்லை. வேறொரு தேவைக்காக உள்ளடக்கப் பெட்டிக்கு பொசிஷன் ரிலேட்டிவ் கொடுத்திருந்தேன் (அது பெட்டியைச் சாதாரணப் பெட்டிகளுக்கு மேலடுக்கில் வைக்கும்). அது 100% அகலமல்லவா, வெறும் கண்ணாடிபோல மெனுவின்மேல் வந்து படுத்துவிட்டது. பின்னணி நிறம் இல்லாததால் பார்வைக்குப் பிடிபடவே இல்லை. மெனுவுக்கும் ரிலேட்டிவ் கொடுத்தேன், சரியாகிவிட்டது. இரண்டுக்கும் ரிலேட்டிவ் இருந்தால், குறிமொழியில் (HTML) பிந்தி வருவது மேலே நிற்கும்.

பதில் (தெஹிவளை)

எனக்கு மெனு காணாமல் போக, ஒரு பக்கத்தில் மட்டும் 1 பிக்சல் பார்டர் (ஓரக்கோடு) போதுமாயிருந்தது. 220 பிக்சல் மெனுப் பெட்டி 221 ஆனது, மெனு போய்விட்டது. பாக்ஸ்-சைஸிங் பார்டர்-பாக்ஸ் (பார்டரையும் அகலத்துக்குள் அடக்கும் CSS கட்டளை) போட்டதும் திரும்பி வந்தது. புதிய வேலை என்றால் இப்போது CSS கிரிட் என்ற கட்ட அமைப்பைத்தான் எடுக்கிறேன், இந்தக் கணக்கே தேவையில்லை.

முதல் பதிவர்

தம்பி, பார்டர்-பாக்ஸ் எக்ஸ்ப்ளோரர் 8இல்தான் வந்தது. எங்களுக்கு ஒவ்வொரு பார்டரையும் கையால் கழித்துப் போட வேண்டியிருந்தது.