எங்கள் பள்ளிக்கூடத்து நினைவுக்கல்லில் யார் பெயர் வரவேண்டும்?

வடலி:
யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் எங்கள் பள்ளிக்கூடம் நின்ற காணி இராணுவத்திடமிருந்து விடுபட்டுவிட்டது என்று பலருக்குத் தெரிந்திருக்கும். 1990 ஜூனில் சண்டை தொடங்கி ஊரோடு ஓடினோமே, அன்றோடு மூடின பள்ளிக்கூடம். இனித் திறக்கப்போவதில்லை, சேர்ப்பதற்கு ஊரில் பிள்ளைகளும் இல்லை. வாசல் தூண் ஒன்றும் கிணறும்தான் மிச்சம். அந்த இடத்தில் ஒரு நினைவுக்கல் வைக்கலாம் என்று பழைய மாணவர்கள் சிலர் பேசிக் கொஞ்சம் காசும் சேர்த்திருக்கிறோம். கல்லில் அதிபர்களின் பெயர்களை அவரவர் ஆண்டுகளோடு வரிசையாக வெட்டுவோம் என்பது என் எண்ணம். பரமேஸ்வராக் கல்லூரியைப் பாருங்கள். 1921இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் தொடங்கியது, 1974இல் அந்த இடம் பல்கலைக்கழக வளாகமானதோடு கல்லூரி இல்லாமற் போய்விட்டது. இன்றைக்கு அதே வளாகத்தில் படிக்கிற பிள்ளைகளிடம் சு. நடேசபிள்ளை அங்கே அதிபராக இருந்தவர் என்று சொன்னால் எத்தனை பேர் அறிவார்கள்? அமைச்சராகவும் இருந்த மனிதருக்கே இப்படி என்றால் எங்கள் சின்னப் பள்ளிக்கூடத்து அதிபர்களை யார் நினைக்கப் போகிறார்கள்?

கிணற்றடி:
வடலி அண்ணை, கல் வைப்பது நல்ல காரியம். அதிபர்கள் மட்டும் என்றால் நான் சம்மதிக்கமாட்டேன். முதலில் ஒரு திருத்தம்: 1990இல் மூடினது கட்டடம். பள்ளிக்கூடம் மூடவில்லை. மானிப்பாய்ப் பக்கம் வேறொரு பள்ளிக்கூடத்தில் பின்னேர நேரப் பள்ளிக்கூடமாக, பிறகு அதன் வளவுக்குள் கிடுகுக் கொட்டிலில், 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வு வரைக்கும் நடந்தது. நான் அதில் படித்தவள். மண்ணெண்ணெய்க்குத் தடை, ஜாம் போத்தில் விளக்கில் படித்துவிட்டு மூக்குக்குள் கரியோடு போவோம். அந்த ஐந்து வருடமும் எங்களுக்கு நிரந்தர அதிபர் கிடையாது. கணித ரீச்சர்தான் பதில் அதிபர். பிள்ளைகளின் வரவு இடாப்பையும் பள்ளிக்கூடத்துச் சம்பவத்திரட்டையும் உரப்பையில் சுற்றி சயிக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவா, வீட்டில் வைத்தால் ஷெல்லுக்குப் போய்விடும் என்று ஒருநாளும் விட்டுவிட்டு வரமாட்டா. உங்கள் வரிசையில் அவவின் பெயர் இருக்கிறதா? இருக்காது, ஏனென்றால் நியமனக் கடிதம் வந்தவர்களைத்தான் நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள்.

தூரதேசத்தான்:
தங்கச்சி சொல்வது நியாயம், ரீச்சரைச் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் எல்லா ஆசிரியரும் என்று வெளிக்கிட்டால் எங்கே நிற்பது? அதிபர்களுக்குக் கையில் ஒரு பட்டியலாவது இருக்கிறது. உதவி ஆசிரியர்கள் ஒரு வருடம் இருந்தவர், இடமாற்றத்தில் வந்து மூன்று மாதத்தில் போனவர் என்று எத்தனையோ பேர். ஒரு பெயர் விடுபட்டாலும் அந்தக் குடும்பத்துக்கு அது ஆறாத காயம். இன்னொன்று, அதிபர் என்றால் கதிரையில் இருந்தவர் மட்டும் என்று நினைக்காதீர்கள். கிடுகுக் கொட்டிலைக் கல்லுக் கட்டடம் ஆக்கின அதிபர் வீடுவீடாகப் போய்ப் பிடியரிசி வாங்கி விற்றுத்தான் சுவர் எழுப்பினார் என்று என் அம்மம்மா சொல்லுவா. அந்தச் சுவருக்குள் இருந்துதானே எல்லா ரீச்சர்மாரும் படிப்பித்தார்கள்?

பழையவன்:
பிள்ளைகள் எழுதுவதை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதாமல் விட மனம் கேட்கவில்லை. நான் 1950களில் அங்கே படித்தவன். சம ஆசன உத்தரவு 1930ஆம் ஆண்டு வாக்கிலேயே வந்துவிட்டது, அரசாங்க உதவி நன்கொடை வாங்குகிற பள்ளிக்கூடம் சாதி பாராமல் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் இருத்த வேண்டும் என்று. இருபது வருடத்துக்குப் பிறகும் நானும் என் தமையனும் நிலத்தில்தான் இருந்தோம். தம்பி தூரதேசத்தான் சொல்கிற அதே சுவருக்குள்தான், அதே அதிபரின் காலத்தில்தான். மிச்சமாய் நிற்கிறது என்று வடலி எழுதின அந்தக் கிணற்றில் எங்களை அள்ள விடமாட்டார்கள், யாராவது வார்த்தால் கையேந்திக் குடிக்கவேண்டும். வேலணை மாஸ்ரர் என்று ஒருவர் வந்தார். முதல் கிழமை அவரே அள்ளி எங்களுக்கு வார்த்தார். அடுத்த கிழமை துலாக்கயிற்றை என் கையில் தந்து நீயே அள்ளு என்றார். பள்ளிக்கூடமே பார்த்துக்கொண்டு நின்றது. அன்றைக்கே எங்கள் இரண்டு பேரையும் வாங்கில் இருத்தினார். அடுத்த தவணைக்கு அவர் இல்லை, முகாமையாளர் நிற்பாட்டிவிட்டார் என்று ஐயா சொன்னார். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அரசாங்கம் பள்ளிக்கூடத்தைப் பொறுப்பேற்ற பிறகுதான் எங்கள் தெருப் பிள்ளைகள் பயமில்லாமல் போனார்கள். அந்த அதிபருக்குக் கல், வேலணை மாஸ்ரருக்கு ஒன்றும் இல்லை என்றால் நான் காசு தரமாட்டேன், திறப்புக்கும் வரமாட்டேன்.

வடலி:
ஐயா, இதை நான் அறிந்திருக்கவில்லை. வாசித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. ஆனாலும் அந்த அதிபரின் பெயரை எடுத்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் இருந்தார், கட்டினார், உங்களை நிலத்தில் இருத்தினார். பெயரை எடுத்துவிட்டால் நீங்கள் சொன்ன கதையும் அதோடு போய்விடும், எல்லோரும் நல்லவர்களாகவே இருந்தார்கள் என்று ஆகிவிடும்.

பழையவன்:
எடுக்கச் சொல்லவில்லை தம்பி. அவரை மட்டும் வைத்து மாலை போடாதீர்கள் என்கிறேன். கல்லில் பெயரை வாசிக்கிறவனுக்குக் கதை எங்கே தெரியப்போகிறது? பெயர் இருந்தால் பெரிய மனிதர் என்றுதானே நினைப்பான்.

கிணற்றடி:
அப்படியென்றால் கல் எதற்கு அண்ணை? கிணற்றைத் துப்புரவாக்கித் துலாவைத் திரும்பப் போடுவோம். யார் வந்தாலும் அள்ளிக் குடிக்கட்டும். பக்கத்தில் ஒரு பலகையில் ஐயா எழுதினதை அப்படியே எழுதி வைப்போம், ரீச்சருடைய உரப்பைக் கதையையும்.

தூரதேசத்தான்:
கிணறு சரி, நான் அதற்குக் காசு தருகிறேன். ஆனால் பலகை வெயிலில் ஐந்து வருடம் தாங்காது, கல் நிற்கும். பெயர்களும் வேண்டும். ஐயா, வேலணை மாஸ்ரரின் சொந்தப் பெயர் என்ன?

பழையவன்:
அதுதான் எனக்கும் தெரியாது. ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டோம், ஐயாவும் அப்படித்தான் சொன்னார். கேட்டுவைக்கவில்லையே என்று இந்த வயதிலும் நெஞ்சுக்குள் கிடக்கிறது.

தீவான்:
நான் உங்கள் பள்ளிக்கூடம் இல்லை, வேலணை. அந்தக் காலத்தில் எங்கள் ஊரிலிருந்து வலிகாமத்துக்குப் படிப்பிக்கப் போனவர்கள் கனபேர். ஆள் எப்படி இருப்பார் என்று சொல்லுங்கள் ஐயா, எங்கள் பெரியம்மாவுக்குத் தொண்ணூறு வயது, நல்ல நினைவோடு இருக்கிறா, நாளைக்குப் போய்க் கேட்கிறேன்.

பழையவன்:
மெலிந்த ஆள், நல்ல உயரம். வேட்டியும் வெள்ளைச் சட்டையும், கக்கத்தில் குடை. தேவாரம் படித்தால் குரல் தெருவுக்குக் கேட்கும். இடது கையால்தான் கரும்பலகையில் எழுதுவார், எழுதி முடித்ததும் வெண்கட்டியைக் காதில் செருகிவிடுவார். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஊருக்குப் போனால் திங்கட்கிழமை விடிய எங்களுக்கு முன்னம் பள்ளிக்கூட வாசலில் நிற்பார். இதைப் பெரியம்மாவிடம் அப்படியே வாசித்துக் காட்டுங்கள் தம்பி.