பதில்: ‘அழுக்குப் பக்கம்’, ‘மீளெழுத்து’ – வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளி காலை தரமணியில் வகுப்பு. லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல், கோப்புத் தரவை நினைவகத்திலிருந்து வட்டில் எழுதும் முறையைச் சீரமைத்த கதைதான் பாடம். நினைவகத்தில் மாறியும் வட்டில் இன்னும் எழுதப்படாத துண்டு ‘டர்ட்டி பேஜ்’; அதை வட்டில் எழுதுவது ‘ரைட்பேக்’. இவற்றுக்கு நீங்கள் சொன்ன ‘அழுக்குப் பக்கம்’, ‘மீளெழுத்து’ பற்றித்தான் இந்தப் பதில். குறிப்பேடு நாளை மாலை அச்சுக்குப் போகிறது.

> ‘அழுக்குப் பக்கம்’ சொல்லுக்குச் சொல் சரி.

பொருளுக்குச் சரியில்லை ஐயா. போன ஆண்டு இதையே பலகையில் எழுதினேன். ‘அழுக்குப் பக்கங்களைக் கெர்னல் அழித்துவிடும்’ என்று தேர்வில் ஒரு மாணவி எழுதியிருந்தாள். அவள் மேல் தப்பில்லை. அந்த 4096 பைட் பக்கம்தான் புதியது. வட்டில் இருப்பது பழசு. கரண்ட் போனால் புதியதுதான் போகும்.

‘மீளெழுத்து’ என்றால் மறுபடி எழுதுவது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

நான் சொல்வது ‘ஏட்டேற்றம்’. அப்பா ஆண்டர்சன் தெருக் காகிதக் கடையில் கணக்கெழுதினார். பகலெல்லாம் சிட்டையில் பென்சிலால் குறிப்பார். கடை ஓய்ந்ததும் பேரேட்டில் மையால் ஏற்றிவிட்டு, சிட்டை வரியின் மேல் ஒரு சாய்கோடு போடுவார். கோடு விழாத வரி இன்னும் ஏறாத வரி. கெர்னலும் அப்படித்தான். மாறிய பக்கம் 30 நொடி பழசானாலோ, அப்படிப்பட்டவை பயன்படுத்தக் கிடைக்கும் நினைவகத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டினாலோ ஏற்றத் தொடங்கும். 20ஐ நெருங்கினால் எழுதுகிற நிரலையே தாமதப்படுத்தும். இவை இயல்பமைப்பு அளவுகள். ஆகவே ‘அழுக்குப் பக்கம்’ வேண்டாம், ‘ஏறாப் பக்கம்’.

2009இல், கெர்னலின் 2.6.32 பதிப்பில் நடந்ததற்கும் இந்தச் சொல் வளைந்து கொடுக்கிறது. அதுவரை பிடிஃபிளஷ் என்ற சில பொது இழைகளே (கெர்னலுக்குள் பின்னணியில் ஓடும் வேலையாட்கள்) எல்லா வட்டையும் பார்த்துக்கொண்டன. நெரிசலான வட்டைத் தாண்டிப் போய்விடும், அதன் முறை தள்ளிக்கொண்டே போகும். கெர்னல் நிரலாளர் யென்ஸ் ஆக்ஸ்போ ஒவ்வொரு வட்டுக்கும் தனி இழை வைத்தார். ‘வட்டுக்கொரு ஏட்டேற்றி’, அவ்வளவுதான்.

> ‘ஏடேற்றம்’ என்பதல்லவா சரி?

ஏட்டறிவு போல டகரம் இரட்டிக்கும். தவிர, ‘ஏடேற்றம்’ காதில் ஈடேற்றமாக விழுகிறது. ஏடு என்றாலே எனக்குத் திருவேடகம்தான். சம்பந்தர் வையையில் விட்ட ஏடு எதிரேறி ஒதுங்கிய ஊர். அதற்கு முன் நெருப்பிலிட்ட ஏடும் வேகவில்லை என்பார்கள். கரண்ட் போனாலும் நிற்க வேண்டிய எழுத்துக்கு இதைவிட நல்ல வேர் கிடைக்குமா?

> ஏடு என்றால் பிள்ளைகளுக்குப் பாலேடுதான் தெரியும். ‘ரைட்பேக்’ என்றே எழுதுங்கள்.

அம்மா, வேலைக்குப் போகும் இடத்தில் அந்தச் சொல்தான் காதில் விழும் என்ற உங்கள் கவலை நியாயமானது. முதல் முறை வரும் இடத்தில் ‘ரைட்பேக்’கையும் சேர்த்துவிடுகிறேன். ஆனால் அதிலிருந்து ‘ஏற்றியது’, ‘ஏறவில்லை’, ‘ஏற்றி’ எல்லாம் கிளைக்காதே.

இதுவரை ஆறு பேரில் நால்வர் ஏட்டேற்றத்துக்குச் சரி என்றிருக்கிறார்கள். ‘ரைட்பேக்’ கேட்ட அம்மா இன்னும் ஒப்பவில்லை. அப்புறம், நிரலே ‘இப்போதே ஏற்று’ என்று கேட்டு, ஏறும்வரை காத்திருக்கிறதே, அந்த எஃப்சிங்குக்கு யாரிடமாவது சொல் இருக்கிறதா? இன்று இரவு பத்து மணிக்குள் எழுதுங்கள்.